உன் அப்பாவைப் பற்றி நான் சொன்ன வார்த்தை

தம்பி,

நீயும் மருமகள் வேராவும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அங்கே ருஷ்யாவில் குளிர் ஆரம்பித்திருக்கும். நலம், நலமறிய அவா என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு எழுதிப் போட்டே என் காலம் போய்விட்டது; இன்று சொந்தப் பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தால் அந்த வரி வர மாட்டேன் என்கிறது. இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. அப்பா வயலுக்குப் போய் வருகிறார், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், என்னோடு சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதோடு விட்டிருப்பேன். இப்படி நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போகிறவள், ஊரே டீச்சர் டீச்சர் என்று கூப்பிடுகிறவள், பெற்ற பிள்ளையிடம் இப்படி எழுத வேண்டி வந்ததே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது. உன் அப்பாவுக்கு என் மேல் இருந்த ஒரு நம்பிக்கையை நான் உடைத்துவிட்டேன். அது திரும்ப ஒட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கிளம்புவதற்கு முந்திய சனிக்கிழமை உன் மாமா காரைக்காலிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார் அல்லவா, அன்றைக்கு நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீயும் கூடத்தான் இருந்தாய். ஆனால் உன் பக்கத்திலிருந்து தெரிந்தது வேறு, என் பக்கத்திலிருந்து தெரிந்தது வேறு. இலை போடும் நேரத்தில் தபால்காரர் ஏதோ சங்கத்து நோட்டீஸை ரிஜிஸ்தர் தபாலில் கொண்டுவந்தார். அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வேரா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். முதல் எழுத்தை ஒரு சுழி சுழித்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் கோடாகக் கொண்டுபோய் நிறுத்துகிற அந்தப் பிரெஞ்சுக் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் தனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டாள். அப்பா பிரெஞ்சுப் புத்தகமெல்லாம் படிப்பாரா, அலமாரியில் இருக்கிறவற்றில் அவருடையவை எவை என்று.

நான் கரண்டியில் சாம்பாரை எடுத்தபடியே, யோசிக்காமல், "நோ, நோ. ஹி இஸ் இல்லிட்டரேட்" என்றேன்.

சொல்லும்போது சிரித்தேன் என்று நினைக்கிறேன். வேராவுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. உன் பக்கம் திரும்பினாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். பிசைந்து முடிந்த சோற்றையே மறுபடி பிசைந்தாய். பிறகு ருஷ்ய பாஷையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். அதைக் கேட்டதும் அவள் கண்ணை அகல விரித்து உன் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாளே, அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த நாட்டில் பாட்டாளிக்கு மரியாதை ஜாஸ்தி என்று சொல்கிறார்களே, படிக்காத விவசாயி என்றதும் இந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய அறிவாளி உன் அம்மா பார்.

உன் மாமா தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கினார். அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. ஒரு கவளத்தை உருட்டி வைத்திருந்தவர் அதை எடுக்கவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்டேன், போதும் என்று எழுந்துவிட்டார். வெயிலில் அலைந்த அசதி என்றுதான் நினைத்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியத்தில்தானே நான் அதைச் சொன்னேன்.

அந்தக் கையெழுத்தின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். எனக்குக் கல்யாணமான காலத்தில் இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி. என் அப்பா பிரெஞ்சு ஆபீஸில் எழுத்தர். என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டுப் படிக்க வைத்தார், அந்தப் பெருமை அவருக்கும் இருந்தது, அவரைவிட எனக்கு அதிகமாக இருந்தது. விழிதியூர் மாப்பிள்ளை, நிலம் நீச்சு இருக்கிறது, நல்ல குடும்பம் என்று பேசி முடித்தார்கள். படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு என் அப்பா வீட்டுக்கு வந்து சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "கையெழுத்தப் பாத்தியா, துரை மாரி போடறான். எனக்கே அப்படி வராது" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு, அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே என் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கதைப் புத்தகத்தை எடுத்து, எனக்கு ஒரு இடம் புரியவில்லை என்று பொய் சொல்லி, உன் அப்பாவிடம் நீட்டினேன். புதுப் பெண்டாட்டியின் சாமர்த்தியம். அவர் அதைத் தொடக்கூட இல்லை. தனக்கு அந்தக் கையெழுத்து ஒன்றுதான் தெரியும், வேறு ஒரு எழுத்தும் தெரியாது, தமிழும் தெரியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். சின்ன வயதில் நிலப் பத்திரத்துக்காக அவருடைய அப்பாவோடு போனபோது, பத்திரம் எழுதுகிற நொத்தேர் விளையாட்டாக இவர் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாராம். இவர் அதைக் கோலம் பழகுவது போல மணலில் போட்டுப் போட்டுப் பழகிக்கொண்டாராம். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அழுதேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுதேன். யார் ஏமாற்றியது? நான் கேட்டதும் அவர் சொல்லிவிட்டார். கையெழுத்தைப் பார்த்துப் படிப்பை முடிவு செய்தது எங்கள் வீட்டார். ஆனாலும் அந்த ஏமாற்றத்தை நான் அவர் பெயரில்தான் எழுதி வைத்துக்கொண்டேன். வேரா அதே கையெழுத்தைப் பார்த்து அதே முகமலர்ச்சியோடு கேட்டபோது, உள்ளே கிடந்த அந்தப் பழைய எரிச்சல்தான் இங்கிலீஷில் வெளியே வந்தது.

அன்றிலிருந்து அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை மூடி மறைப்பது என் வேலையாகிவிட்டது. காரைக்காலில் என் அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் அக்குளில் ஒரு பேப்பரை மடித்துச் செருகித்தான் கூட்டிக்கொண்டு போவேன். அவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. "இன்னிக்கு எந்தப் பேப்பரு, டீச்சர்?" என்று கேலி செய்துகொண்டே வாங்கிச் செருகிக்கொள்வார். கல்யாண வீட்டில் யாராவது வாழ்த்து மடலை அவரிடம் நீட்டினால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றோ, பையன் அழுகிறான் என்றோ நான் உடனே குறுக்கே புகுந்துவிடுவேன். வீட்டுக்கு வருகிற பத்திரிகை, நோட்டீஸ், வாய்தாக் காகிதம் எல்லாவற்றையும் முதலில் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். நான் படிப்பேன், அவர் நின்றபடியே கேட்டுக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரு காகிதம்கூட வேறு யார் கைக்கும் போனதில்லை.

உன்னையும் அதில் சேர்த்துக்கொண்டேன். அஞ்சாம் வகுப்பில் கணக்கில் முட்டை வாங்கிய ரேங்க் கார்டை என்னிடம் காட்டாமல் வயலுக்கு எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினாயே, நினைவிருக்கிறதா? முதல் ரேங்க் என்று சொல்லி வாங்கினாய். அவர் வரப்பில் உட்கார்ந்து, சேற்றுக் கையைக் கழுவிவிட்டு, அந்தத் துரைக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்து, கடலை மிட்டாய்க்குக் காசும் கொடுத்து அனுப்பினார். எனக்குத் தெரிந்தபோது உன்னை அடித்தேன். முட்டை வாங்கியதற்காக இல்லை, அப்பாவை ஏமாற்றியதற்காகவும் இல்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது உன் வகுப்புப் பையன்களுக்குத் தெரிந்துபோகுமே என்றுதான் அடித்தேன். வெளியில் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்றேன். நீ அழுதுகொண்டே தலையாட்டினாய். அன்றைக்குத் தலையாட்டின பிள்ளைதான் சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து என் வார்த்தையை ருஷ்ய பாஷையில் மாற்றிச் சொன்னது. அந்தப் பொய்யை உனக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான், தம்பி. நீ மாற்றிச் சொன்னதற்கு உன்னைக் கோபிக்க எனக்கு வாய் கிடையாது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தை மட்டும் தெரியும். பிரெஞ்சுக்காரன் போய், எல்லா ஆபீஸும் இங்கிலீஷுக்கு மாறிய பிறகு, நிலத்துக் காரியமாக ஒரு தடவை ஆபீஸுக்குப் போனார். கையெழுத்துப் போட்டதும் புது அதிகாரி காகிதத்தைத் திருப்பி அவரிடமே கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவர் தெரியாது என்றிருக்கிறார். அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லி, கையெழுத்துக்குக் கீழேயே கட்டைவிரலை மையில் தொட்டு ரேகை வைக்கச் சொல்லியிருக்கிறார். அத்தனை பேர் பார்க்க. அப்பா வீட்டுக்கு வந்து விரலைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "இல்லிட்டரேட்டுன்னா என்னா டீச்சர்?" என்று என்னைத்தான் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னு அர்த்தம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்போது எனக்கு அந்த அதிகாரி மேல் அவ்வளவு கோபம் வந்தது. அந்த ஆள் இந்தப் பக்கம் வரட்டும், நறுக்கென்று கேட்கிறேன் என்று குதித்தேன். இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. அப்பாவின் கை இலையில் நின்றதே, அன்று சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போதுதான் நினைவு வந்தது. அவர் மனசில் இருக்கிற ஒரே இங்கிலீஷ் வார்த்தை அது. அதைத்தான் அவர் மருமகள் முன்னால் நான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அது நினைவு வருவதற்கு முன்னாலேயே இன்னொன்று நடந்துவிட்டது. அதைத்தான் எழுதக் கை கூசுகிறது. காபி குடித்துக்கொண்டிருந்தபோது வேரா உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சடித்த புத்தகம். நம் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுகிற அந்த ருஷ்யப் பத்திரிகைத் தாள் போலவே வழவழவென்று இருந்தது. அதை இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்து, உன்னிடம் ஏதோ சொன்னாள். நீ புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, அப்பா வாயால் ஒரு பக்கம் படித்துக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், தமிழ் காதுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டுமாம் என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ அவளிடம் சொன்ன வார்த்தை நான் சொன்ன வார்த்தை இல்லை என்று.

அப்பா புத்தகத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ கல்யாண வீடுகளில் பார்த்த அதே பார்வை. கண்ணாடி உடைந்துவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குத் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையை எழுதிவிடுகிறேன். என்ன செய்கிறார் பார்க்கலாம் என்று இருந்தது. எத்தனை வருஷம் நான் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பது, ஒரு நாள் தானாக நின்று பார்க்கட்டுமே என்று இருந்தது. அவர் திணறுவதைப் பார்க்க உன் அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் திணறவில்லை. மடியில் புத்தகத்தை வைத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, வரி மேல் விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நம் வீட்டுக் கூடத்தில் டியூஷன் பிள்ளைகள் படிக்கும் அதே ராகம், அதே நிறுத்தம்.

"ஒரு ஊர்ல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. அவங்க படிக்காத பொஸ்தவமே கெடயாது. கோட்டுச்சேரிமேட்டுக்கு மாத்தல் ஆச்சி அவங்களுக்கு. மழைக்காலத்துல ரோட்டு மேலயே தண்ணி போவும். அந்தம்மா பொஸ்தவப் பைய தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நடந்து போயி பள்ளிக்கொடத்தத் தொறப்பாங்க. மீன்காரப் புள்ளைங்க ரெண்டு மூணுதான் வந்திருக்கும். அதுங்களுக்குத் தலைய தொவட்டி வுட்டுட்டு பாடம் நடத்துவாங்க."

நீ ஒவ்வொரு வாக்கியமாக வேராவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாய். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"அந்தம்மாவுக்கு வாச்ச புருஷனுக்குப் படிப்பு வாசன இல்ல. அத அந்தம்மா ஒரு நாளும் வெளியில சொன்னதில்ல. அப்பன் வூட்டுலகூட சொன்னதில்ல. புருஷனுக்கு மரியாத கொறஞ்சிடுமேன்னு மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டாங்க."

நீ அங்கே நிறுத்திவிட்டாய். அப்புறம் என்னமோ சொன்னாய். வேரா அதைக் கேட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா புத்தகத்தை மூடி, மிச்சத்தை அடுத்த தடவை வரும்போது படிக்கலாம் என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். வேரா என் பக்கம் வந்து உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தில் வருகிற டீச்சர் உங்களைப் போலவே இருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உன் மாமா கிளம்பும்போது வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தெரிஞ்ச விஷயந்தானே. அதப் போயி இங்கிலீசுல சொல்லணுமா?" என்றார். அவர்களுக்கெல்லாம் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டதாம். என் அப்பாவுக்கும் தெரியுமாம், தெரிந்தே கண்ணை மூடினாராம். அக்குளில் பேப்பரைச் செருகிக்கொண்டு வருகிற மாப்பிள்ளையைப் பார்த்து அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் வேராவும் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது உன்னிடம் கேட்டேனே, அவளிடம் என்ன வார்த்தை சொன்னாய் என்று. நீ முதலில் மழுப்பினாய். பிறகு சொன்னாய். நான் சொன்ன வார்த்தைக்கு ருஷ்ய பாஷையில் சரியான வார்த்தை இருக்கிறது, அது உனக்குத் தெரியாமல் இல்லை. "அங்க இப்ப அந்த வார்த்தைய ஒருத்தர பாத்து சொல்ல முடியாதும்மா. வேல தெரியாதவன திட்டறதுக்குத்தான் சொல்லுவாங்க. அப்பாவுக்கு அத சொல்ல எனக்கு வாய் வரல" என்றாய். அதனால் அதற்கு நேர் எதிரான வார்த்தையைச் சொன்னாயாம்: நிறைய வாசித்தவர், வாசித்து வாசித்து நிறைந்தவர் என்று அர்த்தமாம். நச்சீத்தன்னி என்று அதைச் சொல்லிக் காட்டினாய். எனக்கு நாக்கில் நிற்கவில்லை. நீ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கையசைத்தபோதும் நான் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாதான் பேச்சை எடுத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அவன் என்னா வார்த்த சொன்னானாம்?" என்று கேட்டார். நிறைய படித்தவர் என்று சொன்னானாம் என்றேன். சத்தமில்லாமல் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது. அசடு மாதிரி நானும் சிரித்தேன். அப்புறம் சொன்னார்.

"அவன் எனக்காவ பொய் சொன்னான். நீ இத்தன வருஷமா சொன்ன பொய்யும் எனக்காவதான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அவருக்காக நான் ஒரு நாளும் மறைக்கவில்லை, தம்பி. என் அண்ணன் முன்னால், என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் முன்னால், படிக்காதவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று பெயர் வரக் கூடாதே என்று எனக்காக மறைத்தேன். அவர் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு பேப்பரை அக்குளில் செருகிக்கொண்டு சிரித்தபடி கூட வந்திருக்கிறார். புத்தகத்தைப் பார்த்துப் படித்தாரே, அது என்னைக் குத்திக் காட்டுவதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன். குத்திக் காட்டவில்லை. அந்த மத்தியானம் வரைக்கும் அவர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்ததைத்தான் படித்தார். இலையில் நான் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகும், ஒரு மணி நேரம் அதை நம்பிப் பார்த்திருக்கிறார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மா சொல்கிறாள் என்று கேட்டுக்கொள். உனக்கும் வேராவுக்கும் நடுவில் பாஷைகள் நிறைய இருக்கின்றன. அவளுக்குத் தெரியாத பாஷையில், அவள் பக்கத்தில் இருக்கும்போதே, அவளைப் பற்றி யாரிடமும் குறைவாகப் பேசாதே. உன் அத்தை கேட்டாலும் சரி, நான் கேட்டாலும் சரி. புரியாது என்று நினைப்போம். ஒரு வார்த்தை புரிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையை நாமே சொல்லிக் கொடுத்திருப்போம், அதை நாமே மறந்தும் போயிருப்போம். இன்னொன்று. அவளுடைய குறை எதையாவது நீ மறைக்க வேண்டி வந்தால், யாருக்காக மறைக்கிறாய் என்று அன்றைக்கே ஒரு தடவை உன்னைக் கேட்டுக்கொள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வேராவிடம் உண்மையைச் சொல்லிவிடு. அடுத்த மாதம் அப்பாவுக்கு இன்னும் புத்தகங்கள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்; இந்தப் பொய்யை இன்னும் வளர்க்க வேண்டாம். ஆனால் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதோடு நிறுத்தாதே. அந்த வார்த்தையை யார் சொன்னது, சிரித்துக்கொண்டு சொன்னது, அவருக்குப் புரியாது என்று நினைத்துச் சொன்னது, எல்லாவற்றையும் சொல். அந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு டீச்சர் இல்லை என்பதையும் சொல். என்னை இனிமேல் அவள் எந்த வார்த்தையால் நினைத்தாலும் சரி, அதை நீ மாற்றிச் சொல்ல வேண்டாம். அந்தக் கடைசி வாக்கியத்தில் நீ நிறுத்தினாயே, அதை அவளுக்கு எப்படிச் சொன்னாய் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எப்படிச் சொன்னாலும் என்னால் தலை நிமிர முடியவில்லை.

நீங்கள் போனபின் இங்கே நடப்பதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன திங்கட்கிழமை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அப்பா வாசலில் வாங்கினார். நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். டீக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, எனக்குப் படிக்கத் தெரியாது, யாருக்குக் கல்யாணம் என்று பார்த்துச் சொல்லப்பா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் மனைவி வந்து என்னிடம் ஆச்சரியமாகச் சொல்லிவிட்டுப் போனாள். கரண்டு பில்லும் அங்கேதான் போயிற்று. நேற்று சங்கத்து நோட்டீஸும். எல்லோரிடமும் சொல்கிறாராம், வெட்கப்படாமல், சிரித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்து தேதியையும் ஊரையும் என்னிடம் ஒப்பிக்கிறார், எந்தப் பஸ்ஸில் போகலாம் என்று கேட்கிறார். குரலில் ஒரு குறையும் இல்லை. டீச்சர் என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

நீ இதற்குப் பதில் எழுதும்போது என் பெயருக்கு எழுதாதே. அப்பா பெயருக்கு எழுது, தமிழிலேயே எழுது. தபால்காரர் வரும் நேரத்தில் நான் வாசல் பக்கம் வராமல் உள்ளேயே இருக்கிறேன். உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் சைக்கிளை எடுக்கிறாரா, இல்லை என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வருகிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அம்மா